காணாமல் போன நாய் தானாக வந்துவிடுமா?

காடு, மலை, ஆறு, பனி எல்லாவற்றையும் கடந்து, ஒரு நாய் 2,500 மைலுக்கு மேல் நடந்து வீடு வந்து சேர்ந்தது!

இது கட்டுக்கதை அல்ல. உண்மையில் நடந்தது.

அந்த நாயின் பெயர் பாபி. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள சில்வர்ட்டன் அதன் ஊர். 1923-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அதன் எஜமானர் குடும்பத்தோடு காரில் இந்தியானா மாநிலத்துக்குப் போனார். பாபியும் கூடவே போயிற்று. போன இடத்தில் வேறு நாய்கள் பாபியைத் துரத்தின. பாபி ஓட்டம் பிடித்தது. அப்புறம் அதைக் காணவில்லை.

குடும்பத்தினர் தேடினார்கள். கிடைக்கவில்லை. மனம் நொந்து ஊர் திரும்பினார்கள்.

ஆறு மாதம் சென்றது. 1924-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், எலும்பும் தோலுமாக ஒரு நாய் சில்வர்ட்டனுக்கு வந்து சேர்ந்தது. அதன் பாதங்கள் நடந்து நடந்து தேய்ந்து போயிருந்தன.

அது பாபிதான்!

செய்தி நாடு முழுவதும் பரவியது. பிராணிகள் நலச் சங்கத்தார் விசாரணை செய்தார்கள். "எங்கள் வீட்டில் இரவு தங்கியது", "நாங்கள் சோறு போட்டோம்" என்று வழிநெடுகப் பலர் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட செய்திகளைக் கேட்டுக் கேட்டு, நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் வந்துவிட்டது.

"நாய்தானே! போன வழி அதற்குத் தெரியாதா? தானாக வந்துவிடும்."

இப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. பாபியைப் போல வருவது கோடியில் ஒன்று. மற்றவை யாராவது தேடிப் போனால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பாபியும் தன்னந்தனியாக வந்துவிடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் சோறு போட்டதால்தான் உயிரோடு வந்தது.

பெரும்பாலும் கிடைக்கும்

முதலில் ஒரு நல்ல செய்தி.

வளர்ப்புப் பிராணிகளைத் தொலைத்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2012-ஆம் ஆண்டு அதன் முடிவு வெளியாயிற்று. காணாமல் போன நாய்களில் 100-க்கு 93 திரும்பக் கிடைத்தன. பூனைகளில் 100-க்கு 75 கிடைத்தன.

பூனைகளைப் பற்றி மட்டும் இன்னோர் ஆய்வு 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி விசாரித்தார்கள். கிடைத்த பூனைகளில் நான்கில் மூன்று பங்கு, தொலைந்த இடத்தில் இருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. அரை கிலோ மீட்டர்! நடந்தால் ஏழெட்டு நிமிடம்.

பூனை உலகத்தைச் சுற்றப் போகவில்லை. அடுத்த தெருவில்தான் இருக்கிறது. நாம் தேடினால் கிடைக்கும்.

ஏன் ஓடுகிறது?

நாய் ஓடிப் போவதற்கு முக்கியமான காரணம் பயம்.

மனிதனின் காது ஒரு விநாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரையில்தான் கேட்கும். நாயின் காதுக்கு அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கேட்கும். தீபாவளி இரவில் தெருவெல்லாம் வெடி வெடிக்கும்போது அதன் நிலை என்ன ஆகும்? கதவு சற்றுத் திறந்திருந்தால் போதும். தலைதெறிக்க ஓடிவிடும். எந்தப் பக்கம் போகிறோம் என்பதுகூட அதற்குத் தெரியாது.

கருத்தடை செய்யாத நாய், துணை தேடியும் போகும்.

வீடு மாறும்போதும் கவனம் தேவை. புது வீட்டுக்கு வந்த பூனை, பழைய வீட்டைத் தேடிப் போவது உண்டு. புது வீட்டில் இரண்டு மூன்று வாரமாவது பூனையை வெளியே விடாமல் வைத்திருப்பது நல்லது.

முதல் ஒரு மணி நேரம்

நாயைக் காணவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே திசையில் ஓடக்கூடாது.

ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். வாசல் கதவு திறந்திருக்க வேண்டும். நாய் திரும்பி வந்தால் உள்ளே போக வழி வேண்டும் அல்லவா? மற்றவர்கள் ஆளுக்கு ஒரு தெருவாகப் போக வேண்டும்.

தெருவில் யாரைக் கேட்பது? நாள் முழுவதும் தெருவைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களைக் கேட்க வேண்டும். டீக்கடைக்காரர், இஸ்திரி போடுபவர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள், அடுக்குமாடி வீட்டுக் காவலாளி, விடியற்காலையில் வரும் பால்காரர், தெரு கூட்டும் தொழிலாளர்கள் — இவர்கள் கண்ணில் படாமல் ஒரு நாய் தெருவைக் கடக்க முடியாது.

"அண்ணே, கழுத்தில் சிவப்புப் பட்டை போட்ட வெள்ளை நாய் இந்தப் பக்கம் வந்ததா?"

"கொஞ்ச நேரம் முன்னாடி கோவில் பக்கம் ஓடிச்சும்மா."

இந்த ஒரு பதில் போதும். பாதித் தேடல் முடிந்துவிட்டது.

நாயைப் பார்த்துவிட்டால் துரத்தக் கூடாது! "பிடி, பிடி" என்று நான்கு பேர் கத்திக்கொண்டு ஓடினால், பயந்த நாய் சொந்த எஜமானரைக்கூட அடையாளம் தெரியாமல் ஓடும். சாலையில் பாய்ந்து வண்டியில் அடிபட்டுவிடும்.

தள்ளி நின்று, தரையில் உட்கார வேண்டும். அதன் முகத்தையே உற்றுப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, வீட்டில் கூப்பிடும் குரலிலேயே மெல்லக் கூப்பிட வேண்டும். கையில் பிஸ்கட்டோ, பிரியமான தின்பண்டமோ இருந்தால் நல்லது. சற்று நேரத்தில் தானே பக்கத்தில் வந்துவிடும்.

பூனை பதில் சொல்லாது!

பூனை விஷயம் வேறு.

பயந்த பூனை ஓசைப்படாமல் பதுங்கிக்கொள்ளும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்காது. "கூப்பிட்டுப் பார்த்தோம், இல்லை" என்று திரும்பி வந்துவிட்டால் போச்சு! அது பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே குனிந்து பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்த காரின் அடியில், மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் அறையில், விறகுக் குவியலுக்குப் பின்னால், சன்ஷேடு மேலே, பரணில், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எல்லாம் பார்க்க வேண்டும்.

அக்கம்பக்கத்து வீடுகளில் பூட்டி வைத்த அறை, கார் ஷெட், கடைக் கிடங்கு இருந்தால் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பூனை உள்ளே நுழைந்தது தெரியாமல் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் உண்டு.

இரவு பத்து மணிக்கு மேல், தெரு அடங்கிய பிறகு, டார்ச் விளக்கோடு போய்ப் பார்க்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பூனையின் கண் பளிச்சென்று மின்னும்.

நோட்டீசு எப்படி எழுதுவது?

அன்றைக்கே நோட்டீசு ஒட்ட வேண்டும். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். ஆனால் சுவரில் ஒட்டிய நோட்டீசைத்தான் அந்தத் தெருவில் நடப்பவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள்.

நோட்டீசில் இருக்க வேண்டியவை:

1. "நாயைக் காணவில்லை" என்ற பெரிய எழுத்து.

2. தெளிவான படம் ஒன்று.

3. எந்த நாள், எந்த இடத்தில் காணாமல் போனது என்ற விவரம்.

4. ஆணா பெண்ணா, நிறம், கூப்பிடும் பெயர்.

5. செல்போன் எண். வீட்டு முகவரி வேண்டாம்.

ஓர் அடையாளத்தை மட்டும் நோட்டீசில் எழுதக் கூடாது. வயிற்றில் ஒரு மரு, பின்னங்காலில் ஒரு தழும்பு, வால் நுனியில் நான்கு வெள்ளை முடி — இப்படி ஏதாவது ஒன்றை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன்?

நோட்டீசைப் பார்த்து ஏமாற்றுக்காரர்களும் போன் செய்வார்கள்.

"உங்கள் நாய் என்னிடம்தான் இருக்கிறது சார். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஐயாயிரம் உடனே அனுப்புங்கள். கொண்டு வந்து விடுகிறேன்."

"ரொம்ப நன்றிங்க. பின்னங்காலில் ஓர் அடையாளம் இருக்கும், அது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். இப்போதே ஒரு படமும் அனுப்புங்கள்."

எதிர்ப்பக்கம் போன் வைக்கப்பட்டால் விஷயம் புரிந்துவிடும். பிராணியை நேரில் காண்பதற்கு முன்பு ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. வாங்கப் போகும்போதும் தனியாகப் போகாமல், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு, நாலு பேர் நடமாடும் இடத்தில் சந்திக்க வேண்டும்.

எங்கே போய்க் கேட்பது?

பக்கத்தில் உள்ள கால்நடை ஆஸ்பத்திரிகளில் சொல்லி வைக்க வேண்டும். அடிபட்ட பிராணியைக் கண்டவர்கள் அங்கேதான் தூக்கிக்கொண்டு போவார்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, புளூ கிராஸ் போன்ற இடங்களில் விசாரிக்கலாம்.

மாநகராட்சியில் கேட்பதும் அவசியம். கருத்தடைக்காகத் தெரு நாய்களைப் பிடிக்கும்போது, கழுத்துப் பட்டை இல்லாத வீட்டு நாயும் வண்டியில் ஏறிவிடலாம். சென்னையில் 1913 என்ற எண்ணுக்குப் போன் செய்து, எந்த மையத்துக்குக் கொண்டு போனார்கள் என்று விசாரிக்கலாம்.

விலை உயர்ந்த நாய் திருடு போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், போலீஸ் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

பசு மாட்டைத் தொலைத்தவர்களுக்கும் வழி உண்டு. அதன் காதில் உள்ள மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். அது மாட்டின் பதிவு எண். அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்தால், மாடு யாருடையது என்பதை எளிதில் காட்டலாம். தெருவில் திரியும் மாடுகளை மாநகராட்சியார் பிடித்து அடைத்தால், அபராதத்தோடு தீனிச் செலவும் சேரும். நாள் கடத்தினால் பணம்தான் ஏறும்.

அரிசி அளவு அடையாளம்

கழுத்துப் பட்டையில் செல்போன் எண் பொறித்த ஒரு தகடு தொங்கினால், கண்டவர் அந்த நிமிடமே போன் செய்துவிடுவார். செலவு மிகக் குறைவு. பயன் மிக அதிகம்.

ஆனால் பட்டை கழன்று விழலாம். அதற்காகத்தான் 'மைக்ரோ சிப்' வந்திருக்கிறது. அது ஓர் அரிசி அளவுதான் இருக்கும். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கிறது. கருவியை அருகில் காட்டினால் எண் தெரியும். எண்ணைக் கொண்டு எஜமானரைக் கண்டுபிடிக்கலாம்.

சிலர் நினைப்பதுபோல, நாய் எங்கே இருக்கிறது என்பதை இந்தச் சிப் காட்டாது. அதில் மின்கலம் கிடையாது. யாராவது நாயைப் பிடித்துக் கருவியில் காட்டினால்தான் பயன்படும். எஜமானர் செல்போன் எண்ணை மாற்றினால், பதிவிலும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சிப் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

சென்னை மாநகராட்சி 2025-ஆம் ஆண்டில், வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு இந்தச் சிப்பும் கட்டாயம் என்று அறிவித்தது.

கண்டெடுத்தவர் கடமை

இதுவரை தொலைத்தவர் கதை. இனி கண்டெடுத்தவர் கதை.

தெருவில் நிற்கும் நாய் எல்லாம் தொலைந்த நாய் அல்ல. காதில் சிறிய வெட்டுக்குறி இருந்தால், அது கருத்தடை செய்யப்பட்ட தெரு நாய். அந்தத் தெருதான் அதன் வீடு. அதைத் தூக்கிக்கொண்டு போய் வேறு ஊரில் விடுவது உதவி ஆகாது.

கண் திறந்த பூனைக்குட்டி தனியாகக் கிடந்தால், உடனே எடுத்துவிடக் கூடாது. தாய் இரை தேடப் போயிருக்கும். தூரத்தில் நின்று சில மணி நேரம் கவனிக்க வேண்டும். தாய் வரவே இல்லை என்றால்தான் எடுக்க வேண்டும்.

கழுத்துப் பட்டையோடு திகைத்து நிற்கும் நாய், ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் ஓடிப் பார்க்கும் நாய் — இவைதான் பெரும்பாலும் வழி தவறியவை.

இப்படி ஒரு நாயைக் கண்டால் முதலில் தண்ணீர் வைக்க வேண்டும். பிறகு கொஞ்சமாகச் சோறு. வீட்டில் வேறு நாய், பூனை இருந்தால் அவற்றோடு சேர்க்காமல் தனியே கட்ட வேண்டும். வந்த நாய்க்கு என்ன நோய் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது.

நாய் கடித்துவிட்டால் அல்லது நகம் பட்டுக் கீறிவிட்டால், சிறு காயம்தானே என்று விடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட வேண்டும். டாக்டர் சொல்லும் நாட்களில் மீதி ஊசிகளையும் தவறாமல் போட வேண்டும். வெறிநாய்க்கடி நோய் முற்றிவிட்டால் மருந்து கிடையாது. முன்னதாக ஊசி போட்டால் உயிர் பிழைக்கலாம்.

அப்புறம் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும். கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சிப் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். "நாய் கிடைத்திருக்கிறது" என்று நோட்டீசு ஒட்ட வேண்டும். இங்கேயும் ஓர் அடையாளத்தை மறைத்து வைக்க வேண்டும். வருபவர் அதைச் சரியாகச் சொல்கிறாரா, பழைய படமும் தடுப்பூசி அட்டையும் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். நாயே பாதிச் சாட்சி சொல்லிவிடும். உண்மையான எஜமானரைக் கண்டதும் அதன் வால் சும்மா இருக்காது!

சட்டம் என்ன சொல்கிறது?

"தெருவில் கிடைத்தது, இனி என்னுடையது" என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அழகான ஜாதி நாயாக இருந்தால் ஆசை இன்னும் அதிகம். சட்டம் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கண்டெடுத்தவர் அந்தப் பொருளை நம்பி ஒப்படைக்கப்பட்டவரைப் போல நடந்துகொள்ள வேண்டும். தன் பொருளைக் காப்பது போலக் காக்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் நாயும் ஒரு சொத்துத்தான்.

நியாயமான முயற்சி செய்து எஜமானரைத் தேடாமல், பொருளைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். 2024 ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவு, இதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை ஜெயில் தண்டனையும் அபராதமும் விதிக்கிறது.

கண்டெடுத்தவருக்குப் பாதுகாப்பும் உண்டு. தீனிக்கும் மருந்துக்கும் செலவு செய்திருந்தால், அந்தப் பணம் வரும் வரையில் பிராணியைத் தன்னிடம் வைத்திருக்கலாம். இன்ன தொகை பரிசு என்று எஜமானர் அறிவித்திருந்தால், அதைக் கேட்டு வழக்கும் போடலாம். எனவே நோட்டீசில் பரிசுத் தொகை எழுதுகிறவர்கள், கொடுக்கக்கூடிய தொகையைத்தான் எழுத வேண்டும்.

பச்சைக்கிளி கிடைத்தால் சங்கதி வேறு. நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பது, 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே சட்டம்தான். இவை கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ போலீசுக்கோ தகவல் சொல்ல வேண்டும். 'லவ் பேர்ட்ஸ்' போன்ற வெளிநாட்டுப் பறவையாக இருந்தால், எஜமானரைத் தேடிக் கொடுக்கலாம்.

வேண்டும் என்றே விடுகிறவர்கள்

வயதாகிவிட்டது, சொறி வந்துவிட்டது, வாடகை வீட்டுக்காரர் ஒப்பவில்லை என்று, நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே இறக்கிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த நாய் இறக்கிவிட்ட இடத்தை விட்டு எளிதில் நகராது. எஜமானர் திரும்பி வருவார் என்று வழியைப் பார்த்துக்கொண்டே கிடக்கும். பசியும் தாகமும் வதைக்கும் நிலையில் பிராணியைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

வைத்துக்கொள்ள முடியாவிட்டால், வளர்க்க விரும்பும் வேறொரு குடும்பத்தைத் தேடி நேரில் ஒப்படைக்க வேண்டும்.

இன்றைக்கே செய்யுங்கள்

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே நான்கு காரியங்களை முடித்துவிடலாம்.

முகம் தெரிய ஒரு படம், முழு உடல் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். உடலில் உள்ள மச்சம், தழும்புகளை ஒரு தாளில் குறித்து, தடுப்பூசி அட்டையோடு வையுங்கள். செல்போன் எண் பொறித்த தகட்டைக் கழுத்தில் கட்டுங்கள். வாசல் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பாருங்கள்.

தீபாவளி அன்று மாலையில், இருட்டுவதற்கு முன்பே நாயை உள் அறையில் விட்டு, ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். வீட்டில் ஒருவர் அதன் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் அது காணாமல் போனால், வாசலில் நின்று வழி பார்க்க வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு உடனே தெருவில் இறங்குங்கள்!